இசட்டுக்குப் பின்னால் எச் உண்டா?

பாஸ்வேர்டு என்பது வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல வேண்டியே வராது என்ற தைரியத்தில் வைக்கப்படுகிற சொல். அந்தத் தைரியத்தில்தான் மனுஷன் தன் மனசில் கிடக்கிற அசட்டுத்தனம், பொறாமை, பழைய காதலியின் பெயர் எல்லாவற்றையும் கொண்டுபோய் அதில் ஒளித்து வைக்கிறான். நான் என் தங்கச்சியைக் கட்டிக்கொள்ள வந்த மாப்பிள்ளையை ஒளித்து வைத்தேன். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும், மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் உட்பட, நின்று அதைக் கேட்கும்படி ஆகிவிட்டது. இதை எழுதும்போதுகூடக் காது மடல் சுடுகிறது.

நான் செங்கல்பட்டுக்காரன். பெயர் நவாஸ். அத்தாவுக்கு அங்கே கடைத்தெருவில் பாத்திரக்கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் கம்ப்யூட்டர் படித்து, மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் 'சிஸ்டம்ஸ்' ஆளாகச் சேர்ந்திருந்தேன். (பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும், வைஃபை வரவில்லை என்று கத்துகிற விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்பதும்தான் வேலையில் முக்கால்வாசி.)

அப்போது எனக்கு இரண்டு திமிர். ஒன்று தமிழ்த் திமிர். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில்தான் வேலைக்குப் போவேன். அந்த ஊர்ப் பெயரில் வருகிற 'ழு'வுக்கு ஆங்கிலப் பலகையில் 'எல்' போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். "ழவுக்கு இசட், எச்! எத்தனை தடவை சொல்றது?" என்று பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சொன்னதுகூட உண்டு. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா வாழைப்பழத்துக்கு எல் போட்டு எழுதினால் அடுத்த நிமிடமே திருத்துவேன். சித்தப்பா பிறகு பழம் பற்றியே எழுதுவதை விட்டுவிட்டார்.

இரண்டாவது திமிர், ஒரு பயிற்சி வகுப்பால் வந்தது. ரிசார்ட்டிலிருந்து என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டரில் எதையும் திறக்கவும் மாற்றவும் அழிக்கவும் முடிகிற கணக்குகள் சில இருக்கும், 'அட்மின்' என்கிறோமே, அவற்றை யார் கையில், எதற்காக, எவ்வளவு நேரத்துக்குக் கொடுப்பது என்பதுதான் பாடம். நல்ல பாடம். படித்தவன்தான் சரியில்லை. தேவைக்கு மேல் ஒருவருக்கும் அதிகாரம் கொடுக்காதே, கொடுத்ததையும் வேலை முடிந்ததும் பிடுங்கிவிடு, எல்லாவற்றுக்கும் மேலான கணக்கை ஒரே ஆளிடம் விடாதே என்றெல்லாம் அந்தப் பயிற்சியாளர் சொன்னது என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது. கடைசியில் அவர், "எதையும் முதல்ல சின்னதா சோதிச்சுப் பாருங்க" என்றும் சொன்னாராம். அந்த நேரத்தில் நான் சமோசா எடுக்கப் போயிருந்தேன்.

சான்றிதழை லேமினேஷன் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். வீட்டில் முதல் நாளே, டிவி ரிமோட் யார் யாருக்கு உண்மையில் தேவை என்று விசாரித்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டில் நடக்காத புரட்சியை ரிசார்ட்டில் நடத்தினேன்.

அதுவரை ரிசார்ட் நிம்மதியாக இருந்தது. வரவேற்பு மேசையில் எல்லோரும் ஒரே அட்மின் கணக்கில்தான் நுழைவார்கள். அதன் பாஸ்வேர்டு மானிட்டரின் நெற்றியில் ஒட்டியிருக்கும். அறைகளுக்கெல்லாம் கார்டு காட்டினால் திறக்கும் பூட்டு. எல்லா அறையையும் திறக்கிற மாஸ்டர் கார்டு ஒன்று, அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்குத் தலைவியான கோமளா அக்காவின் கழுத்தில் தொங்கும். அதை நான் கேட்டு வாங்கியபோது அக்கா என்னைப் பார்த்த பார்வை, தாலியைக் கழற்றச் சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

"இது இல்லாங்காட்டி நான் எப்டி தம்பி வேலை செய்றது?"

"உங்களுக்கு வேற கார்டு தருவேன்க்கா. ஒரு வாரம் வேலை செய்யும். வாரா வாரம் நான் புதுப்பிச்சுத் தருவேன்."

"நீ லீவுல பூட்டா?"

"நான் லீவே போடமாட்டேன்க்கா" என்றேன். (சீக்கிரமே என் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.)

அதோடு விட்டேனா? யார் கார்டு போட்டுக் கொடுத்தார்களோ அவர்களுடைய அதிகாரம் காலாவதியானால், அவர்கள் போட்ட கார்டும் செல்லாது என்று ஒரு வசதி அந்தப் பூட்டு அமைப்பில் இருந்தது. பூட்டு விற்ற பெங்களூரு கம்பெனி ஆளே, "இதை யாரும் ஆன் பண்றதில்ல சார்" என்றார். நான் ஆன் செய்தேன். நேர்மை முக்கியம் என்று என் கணக்கையும் அதே ஒரு வாரச் சட்டத்தில் கொண்டுவந்தேன். எதுவும் வேலை செய்யாத ஆபத்துக் காலத்துக்கென்று ஓர் இரும்புச் சாவி இருந்தது. அதைப் பாதுகாப்புக் குறைபாடு என்று அறிவித்து சர்வர் அறையில் வைத்துப் பூட்டினேன். சர்வர் அறைக்கும் கார்டுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு மகா கணக்கு. அதன் பாஸ்வேர்டில் முதல் பாதி எனக்கு மட்டும் தெரியும். பின்பாதி துணை மேலாளர் சுகந்தி மேடத்துக்கு மட்டும். இருவரும் சேர்ந்து வந்து ஆளுக்குப் பாதி அடித்தால்தான் அது திறக்கும். ஐந்து தடவை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பெங்களூரிலிருந்துதான் திறக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு வேலை செய்யாது.

இங்கேதான் மாப்பிள்ளை வருகிறார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் தங்கச்சி பர்வீனுக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை இர்ஃபான், கேளம்பாக்கத்தில் ஃபிளாட், ஐடி வேலை. அத்தா இல்லை, அம்மா மட்டும். எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பர்வீனும் நானும் பிறந்ததிலிருந்து அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். எங்கிருந்தோ எவனோ ஒருவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம், நான் அவனுக்குத் தட்டு தூக்க வேண்டுமாம். அந்தக் கடுப்பில் சமையல்கட்டிலிருந்து பிரியாணித் தட்டோடு வெளியே வந்தால், மாப்பிள்ளை கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார். என்ன ஏது என்று நான் விசாரிக்கவில்லை. 'சரியான அழுமூஞ்சி' என்று முடிவு கட்டி, பாதிச் சிரிப்போடு தட்டை வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மகா கணக்குக்குப் பாஸ்வேர்டு வைக்க உட்கார்ந்தபோது, என் பாதிக்கு விரல் தானாக 'அழுமூஞ்சி' என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டது.

சுகந்தி மேடத்தைக் கூப்பிட்டேன். "மேடம், உங்க பாதியை நீங்களே யோசிச்சு நீங்களேதான் அடிக்கணும். எனக்குத் தெரியவே கூடாது."

மேடம் போனில், மீன் வறுவலில் எலுமிச்சை இல்லை என்று சண்டை போடுகிற விருந்தாளியைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, "எதையாவது நீங்களே போட்டுட்டு எனக்குச் சொல்லிடுங்க நவாஸ்" என்றார்.

சட்டம் இயற்றியவனே சட்டத்தை உடைத்த கதை அது. முதல் பாதியில் அழுமூஞ்சி உட்கார்ந்திருக்கும்போது பின்னாலே வேறு என்ன வரும்? 'மாப்பிள்ளை' என்று அடித்தேன்.

"உங்க பாதி 'மாப்பிள்ளை' மேடம். ஆங்கில எழுத்துல. எங்கயும் எழுதி வைக்காதீங்க."

"எழுதல. மாப்பிள்ளை. மனசுல இருக்கு" என்றார் மேடம், நல்ல மனுஷி. அதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.

பர்வீனுக்குக் கடலோரத்தில் நிக்காஹ் என்று சின்ன வயசிலிருந்தே ஆசை. நான் வேலை செய்கிற ரிசார்ட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. சனிக்கிழமையே இரண்டு வீட்டாரும் வந்து அறைகளில் தங்கிவிட்டார்கள். நான் லீவில் இருந்தேன். பெண்ணின் அண்ணன் என்ற பதவியில் சால்வை, சந்தனம், ஐஸ்கிரீம் என்று ஓடிக்கொண்டிருந்ததில், ஞாயிறு காலைக்குள் செய்ய வேண்டிய வாரப் புதுப்பிப்பு எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறு காலை எல்லோரும் நாஸ்தாவுக்கு இறங்கினார்கள். நாஸ்தா சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்க் குளித்து உடுத்திக்கொள்வதாக ஏற்பாடு. அதனால் பர்வீன் நைட்டியின் மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்து இட்லி சாப்பிட்டாள். மாப்பிள்ளை இர்ஃபான் நண்பர்களோடு கடலில் கால் நனைக்கப் போய், அலையடித்து முழுசாக நனைந்திருந்தார். விடியற்காலையில் சுபுஹு தொழுததும் உடுத்திக்கொண்ட அத்தா ஒருவர்தான் கல்யாணக் கோலத்தில் இருந்தார்.

கோமளா அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். "தம்பி, ஒரு ரூமும் தொறக்கமாட்டேங்குது. என் கார்டு, ரிசப்ஷன் கார்டு, ஆருது வெச்சாலும் செவப்பு லைட்டுதான் எரிது."

"கார்டைத் தலைகீழா காட்டியிருப்பீங்க" என்றேன் நான், வாயில் வடையோடு.

"எல்லா ரூமுக்குமா தலகீயா காட்டுவேன்?"

வடை தொண்டையில் நின்றது. இன்று ஞாயிறு. போன ஞாயிறு காலை புதுப்பித்தது. இன்று காலையோடு எல்லோர் அதிகாரமும் காலாவதி. அவர்கள் போட்ட கார்டுகளும் காலாவதி. அவற்றைப் புதுப்பிக்க அதிகாரம் உள்ள ஒரே ஆள் நான், என்னுடையதும் காலாவதி.

வரவேற்பு மேசைக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் மொத்தக் கல்யாணமும் வந்தது. உள்ளே அறைகளில் என்னவெல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் நினைவு வந்தது. பெண்ணின் பட்டுப்புடவை. மாப்பிள்ளையின் ஷெர்வானி. பெண் கழுத்தில் கட்ட வேண்டிய கருகமணி, மாப்பிள்ளையின் அம்மா அதைத் தன் அறை பீரோவில் வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு சித்தப்பாவின் பல்செட்.

இந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து இறங்கினார். "மதுராந்தகத்துல மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி இன்னொரு நிக்காஹ் இருக்கு. நேரத்துக்கு ஆரம்பிச்சிடலாம் இல்ல?" என்றார். பிறகு எங்கள் கோலத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளை இருக்காரு, பொண்ணு இருக்கு, சாட்சி இருக்கு. நிக்காஹுக்கு அது போதும். இப்படியே முடிச்சிடலாமா?"

"நைட்டியிலயா?" என்று அம்மா கத்தியது கடல்வரை கேட்டிருக்கும்.

பர்வீன் துப்பட்டாவை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அவளுக்கு அழுகை வந்தால் அப்படித்தான் செய்வாள். வாங்கின நாளிலிருந்து அந்தப் புடவையை எடுத்து எடுத்துப் பார்த்தவள் அவள். ஹஜ்ரத் கிளம்பிவிட்டால் அன்றைக்கு நிக்காஹ் இல்லை. கிளம்பாவிட்டால் நைட்டியில் நிக்காஹ். இரண்டுக்கும் காரணம் அவள் அண்ணன்.

"கதவை உடைங்கய்யா" என்றார் அத்தா.

"எல்லாம் தீப்பிடிக்காத கதவு சார். உடைக்க ஆள் வந்து, ஒண்ணு ரெண்டு உடைக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்" என்றார் சுகந்தி மேடம். பிறகு என்னைப் பார்த்தார். "நவாஸ், அந்த மகா கணக்கு இருக்குல்ல? நாம ரெண்டு பேரும் இங்கதானே இருக்கோம்?"

எனக்கு உயிர் வந்தது. கம்பீரமாகக் கீபோர்டின் முன் உட்கார்ந்தேன். "எல்லாரும் திரும்பி நில்லுங்க" என்றேன். யாரும் திரும்பவில்லை. என் பாதியை அடித்தேன். படித்த தமிழனாக ழவுக்கு இசட், எச். பிறகு எழுந்து, விதிப்படி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மேடம் தன் பாதியை அடித்தார்.

"இன்னாத்துக்குடா செவுத்தப் பாத்துகினு நிக்கிற?" என்றார் அத்தா.

"மேடம் பாதி எனக்குத் தெரியக்கூடாது அத்தா." (அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான் என்பது தனி.)

பாஸ்வேர்டு தவறு என்றது திரை.

மறுபடி. இந்தத் தடவை மூஞ்சிக்கு இரண்டு ஓ போடாமல் யு. தவறு. மேடம், "நான் மாப்பிள்ளைக்கு ரெண்டு ஏ போட்டேன். ஒண்ணு போடணுமோ?" என்றார். போட்டார். தவறு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூஞ்சிக்கு நடுவில் ஜே-யா, சி-யா, எச்-சா? மாப்பிள்ளைக்கு எத்தனை பி, எத்தனை எல்? இந்த இரண்டு வார்த்தையை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும் எனக்குச் சரியாகவே தோன்றின. கை பாட்டுக்கு அடித்ததை மண்டை பார்க்கவே இல்லை. இன்னும் இரண்டே வாய்ப்பு என்றது திரை.

"தள்ளு" என்று பர்வீன் என்னை இடுப்பால் இடித்துவிட்டு உட்கார்ந்தாள். "வார்த்தை இன்னா? தமிழ்தானே? இங்கிலீஷ் எழுத்துல நீ எப்டி அடிப்பேன்னு எனக்குத் தெரியும்."

"ரகசியம்டி."

"கல்யாணப் பொண்ணு நைட்டியோட நிக்கிறேன். உனக்கு ரகசியமா? சொல்லித் தொலை."

குனிந்து அவள் காதில் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "யாரைடா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

ரகசியம் பேச எனக்கு வராது. என் காதோரக் குரல் எட்டடிக்குக் கேட்கும் என்று அம்மா சொல்வாள். கோமளா அக்கா எட்டடிக்குள்தான் நின்றிருந்தார். "தம்பிது அயுமூஞ்சி மேடம்" என்று உதவி செய்தார்.

"ஓ! என்னுது மாப்பிள்ளை" என்றார் சுகந்தி மேடம். குறுக்கெழுத்துப் போட்டியில் கடைசிக் கட்டம் நிரம்பியவர் முகம்போல அவர் முகம் மலர்ந்தது. "அப்ப முழுசா, 'அழுமூஞ்சி மாப்பிள்ளை'!"

இர்ஃபானின் லுங்கியிலிருந்து பளிங்குத் தரையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒய் போட்டுப் பாரு தம்பி" என்றார் கோமளா அக்கா. "அ, யு, மூஞ்சி. ஒய்யிதான் வரும்."

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். "எங்க இர்ஃபானையா தம்பி சொன்னீங்க?"

இல்லை என்று சொல்ல வேறு மாப்பிள்ளை யாரும் அங்கே இல்லை.

"நிச்சயத்தன்னிக்கு அழுதானே, அதைப் பாத்துட்டு வெச்சீங்களா?" மாமி குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அன்னிக்கு உங்க வூட்டுல ஹஜ்ரத் இவனோட அத்தா பேரைச் சொல்லி துஆ கேட்டாரு. புள்ள கல்யாணத்தைப் பாக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டாரு மனுஷன். அதை நெனச்சு அழுதுட்டான் தம்பி. வேற ஒண்ணும் இல்ல."

ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். அத்தா என்னைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தார். அதுதான் என்னைக் கொன்றது. அந்தப் பிரார்த்தனை நடந்தபோது நான் சமையல்கட்டில் கறித்துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். செத்துப்போன அப்பாவை நினைத்து ஒருவன் அழுததை எடுத்து, கேலிசெய்ய எனக்கென்று ஒரு சாவி செய்து வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து என் தங்கச்சி இந்த அம்மாவோடு ஒரே வீட்டில் வாழ வேண்டும். 'உன் அண்ணன் என் பிள்ளையை என்னவென்று நினைத்தான் பார்த்தாயா' என்று அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், பர்வீன் தலை குனிய வேண்டியதுதான். அந்தத் தரை அப்படியே பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. தரைக்கும் கார்டு காலாவதியோ என்னவோ, பிளக்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமி" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் மச்சான்" என்றார் இர்ஃபான், பல் தந்தியடிக்க. "மொதல்ல கதவைத் தொறங்க. குளிருது."

பர்வீன் என்னைப் பார்க்காமலே, அடிக்க அடிக்க வாய்விட்டுச் சொன்னாள். "ழவுக்கு வெறும் இசட்."

"நான் எப்பவும் எச் போடுவேனே!"

"ஊரைத்தான் போடச் சொல்லுவ. நீ என்னிக்குடா போட்ட? எனக்குப் பொறந்தநாள் வாழ்த்து அனுப்புனப்பகூட வெறும் இசட்தான். மூஞ்சிக்கு ஒத்தை யு. நடுவுல ஜே. மாப்பிள்ளைக்கு ஒத்தை ஏ, ஒத்தை பி." தட்டினாள்.

தவறு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

அம்மா வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள். ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார். பர்வீன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தாள். "இதை அடிக்கும்போது சிரிச்சிகினு அடிச்சியா, கோவமா அடிச்சியா?"

"கோவமா."

"ஏன் கோவம்?"

இத்தனை பேர் முன்னால் அதையும் சொல்ல வேண்டியிருந்தது. "நீ போறேன்னுதான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோவம் வந்தா நீ இன்னும் எழுத்த முழுங்குவ. எல்லும் ஒண்ணுதான் போட்டிருப்ப" என்றாள். மறுபடி முழுசாக அடித்துத் தட்டினாள்.

திறந்தது.

நான் பாய்ந்துபோய் எல்லோர் அதிகாரத்தையும் புதுப்பித்தேன். அறைகளுக்குப் புதுக் கார்டு போடப் போட, ஜனம் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கோமளா அக்கா பழைய மாஸ்டர் கார்டுக்குக் கையை நீட்டினார். மறுபேச்சு பேசாமல் அதற்கு உயிர்கொடுத்து அவர் கழுத்திலேயே மாட்டினேன். பர்வீன் எழுந்தாள். "வூட்டுக்கு வந்து வெச்சிக்கிறேன் உன்னை" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிவிட்டு இரண்டடி நடந்தவள் நின்றாள். அன்றைக்கு அவள் போகப்போகிற வீடு செங்கல்பட்டில் இல்லை, கேளம்பாக்கத்தில். எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

நிக்காஹ் நடந்தது. பர்வீன் பட்டுப்புடவையில் இருந்தாள். மாப்பிள்ளையின் தலைமுடி மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். (நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காரத்தான் பார்த்தேன். இர்ஃபானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.) ஹஜ்ரத் கடைசியில் துஆ கேட்டார். மணமக்களுக்குக் கேட்டார், இரண்டு குடும்பத்துக்கும் கேட்டார். பிறகு, பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்காமல் போன அந்தத் தகப்பனின் பெயரைச் சொல்லி, அவருடைய மறுமைக்காகக் கேட்டார்.

இர்ஃபானின் கண் கலங்கியது. அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். அழகாகக் கண்ணீர் விட்டேன் என்று நினைக்காதீர்கள். மூக்கால், வாயால், தோளால் அழுதேன். ஆமீன் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் என்னிடமிருந்து விக்கல்தான் வந்தது. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் பேச்சு நின்றுபோய், "யாரும்மா அது?" என்று யாரோ கேட்டது எனக்கே கேட்டது. ஹஜ்ரத் துஆவைச் சுருக்கிக்கொண்டார்.

கலங்கிய கண்ணோடு இர்ஃபான் என் பக்கம் திரும்பினார். ஷெர்வானிப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து என் மடியில் வைத்தார்.

"மச்சான், இப்ப யாரு அழுமூஞ்சி?" என்றார். அதற்கும் அழுதேன்.

அப்புறம் ரிசார்ட்டில் சட்டங்களைத் தளர்த்தினேன், இரும்புச் சாவி சர்வர் அறையிலிருந்து வெளியே வந்தது, சுகந்தி மேடம் தன் பாதியைத் தானே யோசித்துத் தானே அடித்தார். என் பாதியில் இப்போது மனிதர்கள் யாரும் இல்லை, வெறும் எண்களும் குறிகளும்தான். ஆனால் பேர் பேர்தான். குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "அழுமூஞ்சி மச்சான் வந்தாச்சா? அப்ப துஆவை ஆரம்பிக்கலாம்" என்கிறார்கள். வாழைப்பழ சித்தப்பா அன்றிலிருந்து குழுவில் தினமும் ஒரு பழம் போடுகிறார், விதவிதமான எழுத்துக்கூட்டலில். நான் எதையும் திருத்துவதில்லை.

போன மாதம் கேளம்பாக்கம் போயிருந்தேன். சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்து, "மாப்பிள்ளை, வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மாத்தி நாளாச்சு மச்சான்" என்றார் இர்ஃபான். "உங்க பேருதான். அழுமூஞ்சி மச்சான்."

பர்வீன் எதிரில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவள்போல நகம் பார்த்தாள். நான் மானத்தை விட்டு அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. சமையலறையில் மாமி டீ போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

"தம்பி, வெறும் இசட்!"